வாரியம் வாங்கிய ஹெட்போன்

பொதுமக்கள் குறைகேட்பு வாரியத்தில் கேட்கப்படாமல் கிடந்த குறைகள் அந்த வருடம் மூன்று லட்சத்தைத் தாண்டின. மக்கள் போன் செய்து சொல்வதெல்லாம் இயந்திரத்தில் பதிவாகும். ஊழியர்கள் அதைக் கேட்டு, டைப் செய்து, உரிய துறைக்கு அனுப்ப வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் அலுவலக நேரத்தில் குறை கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. எத்தனை குறை பாக்கி என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதிலேயே பொழுது சரியாகப் போய்விடும். காலையில் ஒரு அறிக்கை, மதியம் அதற்கு ஒரு திருத்தம், சாயங்காலம் அந்தத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது என்று ஒரு விளக்கம்.

இப்படி இருக்கும்போதுதான் துணைத்தலைவருக்கு அந்த யோசனை வந்தது. வாரியத்தின் நாலாயிரம் ஊழியர்களில் பெரும்பாலானோர் ஊருக்கு வெளியிலிருந்து ரயிலில் வருகிறவர்கள். போக எழுபது நிமிடம், வர எழுபது நிமிடம். அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்ததில், சிலர் தூங்குகிறார்கள், சிலர் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார்கள் என்று தெரிந்தது.

"ஜன்னலுக்கு வெளியில பாக்குறதுக்கு அப்படி என்ன இருக்கு?" என்று துணைத்தலைவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவர் காரில் வருகிறவர். காரின் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும்.

பயண நேரம் இனிமேல் கேட்பு நேரம் என்று சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு ஊழியருக்கும் வாரியமே ஒரு ஹெட்போன் தரும். அணிய வசதியானதும், தெளிவாக ஒலிப்பதும், பயணத்துக்கு ஏற்றதுமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஆறு பேர் அதிகாரிகள். அந்த ஆறு பேரும் வாழ்நாளில் ஹெட்போன் மாட்டியதில்லை என்பது அவர்களுடைய நடுநிலைக்குச் சான்றாகக் கோப்பில் குறிக்கப்பட்டிருந்தது. ஏழாவது ஆள் ஒரு பயனராக இருக்க வேண்டும் என்று விதி சொன்னது.

மூன்றாம் மாடியில் ஒரு டைப்பிஸ்ட் இருந்தான். முப்பத்தாறு வயது. ஒன்பது வருடமாக ஒரு பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர்க்குறைகளை டைப் செய்கிறவன். எப்போதோ சுற்றுக்கு வந்த கருத்துப் படிவத்தில், 'ஹெட்போன் காதை அழுத்துகிறது' என்று எழுதிக் கொடுத்திருந்தான். நாலாயிரம் படிவங்களில் எழுத்து இருந்தது அந்த ஒன்றில்தான். அவனையே பயனராகப் போட்டார்கள்.

செய்தி வந்ததும் அவனைவிட அதிகம் சந்தோஷப்பட்டது பக்கத்து மேசை அக்கா. ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது அக்காவுக்கு. தடித்த கண்ணாடி. வாரியத்திலேயே அவளைப்போலக் குறை கேட்க ஆள் கிடையாது. பேசுகிறவர் மூக்கை உறிஞ்சினால் அது ஜலதோஷமா அழுகையா என்று சொல்லிவிடுவாள். அழுகை என்றால் அந்த ஃபைலை மேலே வைப்பாள்.

"போய் நல்லதா ஒண்ணு பாத்து எடுப்பா," என்றாள். "எனக்குக் கண்ணாடி வேற இருக்கு. காதையும் கண்ணாடிக் காலையும் சேத்து வெச்சு நசுக்காம இருந்தா போதும்."

"நான் பாத்துக்கறேன்க்கா," என்றான் டைப்பிஸ்ட். மனசாரத்தான் சொன்னான்.

குழு கூடும் அறை ஏழாம் மாடியில் இருந்தது. டைப்பிஸ்ட் கதவோரமாக நின்றான். துணைத்தலைவர் அவனைப் பார்த்து, "வாங்க வாங்க, நீங்க இல்லாம எப்படி? உக்காருங்க," என்று கை வைத்த நாற்காலி ஒன்றைக் காட்டினார். சாய்ந்தால் கூடவே சாய்கிற நாற்காலி. ஒன்பது வருடத்தில் அவனை யாரும் அந்தக் கட்டடத்தில் 'வாங்க' என்றதில்லை. தட்டு வைத்த கோப்பையில் தேநீர் வந்தது. அவனுக்கும் வந்தது. அவன் கோப்பையைத் தூக்கியபோது தட்டு கிடுகிடுவென்று ஆடியது. யாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அந்த நாகரிகமே அவனை உருக்கிவிட்டது.

முதல் கூட்டம், 'சுகம்' என்றால் என்ன என்பதில் போயிற்று.

"நம்ம விதிப்புத்தகத்துல சுகம்னு ஒரு வார்த்தையே கிடையாது," என்றார் சட்ட ஆலோசகர். "தாங்கக்கூடியதுன்னு ஒண்ணு இருக்கு. தாங்க முடியாததுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு ஊழியர் உயிரோட ஆபீசுக்கு வந்துட்டார்னா அது தாங்கக்கூடியது. சட்டப்படி அவ்வளவுதான்."

"ஆளுக்கு ஆள் காது வேற வேறங்களே," என்று டைப்பிஸ்ட் மெதுவாகச் சொன்னான்.

நிர்வாக அதிகாரி இதை மிகவும் பாராட்டினார். உடனே நாலாயிரம் ஊழியர்களின் காதையும் அளக்க உத்தரவாயிற்று. இரண்டு வாரம், மாடி மாடியாக ஸ்கேலோடு வந்து அளந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டி வகுத்து ஒரு சராசரிக் காது கண்டுபிடித்தார்கள். அது கொஞ்சம் விசித்திரமாக, கீழே அகன்று மேலே மடிந்து இருந்தது. வாரியத்தில் அப்படிக் காது உள்ளவர் ஒருவர்கூட இல்லை என்று சரிபார்த்தபின் நிர்வாக அதிகாரிக்குப் பெரிய நிம்மதி.

"இதுதான் நியாயம். ஒருத்தர் காதுக்குப் பொருந்தினா இன்னொருத்தர் சண்டைக்கு வருவார். யாருக்குமே பொருந்தலேன்னா யார் யாரைக் கேக்க முடியும்?"

அந்தச் சராசரிக் காதுகள் இரண்டைப் பொருத்தி, பிளாஸ்டர் மாவில் ஒரு தலை செய்து கூட்ட மேசையின் நடுவில் வைத்தார்கள். முகம் செய்யப்படவில்லை. முகம் குழுவின் வரம்புக்குள் வராது.

மூன்று சாம்பிள்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் அந்தத் தலையில் எட்டு மணி நேரம் மாட்டிவைத்தார்கள். தலை எந்தப் புகாரும் தெரிவிக்கவில்லை என்று தொழில்நுட்ப அதிகாரி எழுத்துமூலம் அறிக்கை கொடுத்தார்.

அதற்குள் டைப்பிஸ்ட் ஒரு காரியம் செய்திருந்தான். சாப்பாட்டு இடைவேளையில் முதல் சாம்பிளை அனுமதி வாங்கி மாட்டிப் பார்த்தான். எடை இருப்பதே தெரியவில்லை. குஷன் காதின்மேல் உட்காராமல் காதைச் சுற்றி உட்கார்ந்தது. ஒரு பழைய குறையைப் போட்டுக் கேட்டான். யாரோ ஒரு பெரியவர் தண்ணீர் வராததைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. நடுவில் அவர் போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்ட சத்தம்கூடக் கேட்டது. மடக்கினால் பைக்குள் அடங்கியது. குஷன் பழசானால் கழற்றி வேறு போட்டுக்கொள்ளலாம். இதைத்தான் அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த கூட்டத்தில் முதல் சாம்பிள் தள்ளுபடி ஆயிற்று. தலையைச் சாய்த்தபோது கழன்று விழுந்துவிட்டதாம். தலையில் முடி இல்லை, வழவழவென்று இருக்கிறது என்று டைப்பிஸ்ட் சொல்ல நினைத்தான். அதற்குள் கொள்முதல் அதிகாரி ஆரம்பித்துவிட்டார்.

"அதை நானும் மாட்டிப் பாத்தேன் சார். மாட்டியிருக்கிற உணர்வே இல்ல. வாரியம் ஒரு பொருள் கொடுத்திருக்குன்னா ஊழியருக்கு அது நிமிஷத்துக்கு நிமிஷம் ஞாபகம் இருக்க வேண்டாமா?"

இரண்டாவது சாம்பிளைத் தொழில்நுட்ப அதிகாரி விரிவான சோதனைக்காக வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். அது திரும்பி வரவில்லை; அதைப்பற்றி யாரும் கேட்கவும் இல்லை. மூன்றாவது மிஞ்சியது. கறுப்பாக, பெரிதாக, இரண்டு டிபன் பாக்ஸ் மூடிகளை இரும்புப் பட்டையில் வளைத்து மாட்டியதுபோல இருந்தது. தலையைக் குப்புறக் கவிழ்த்தும் விழவில்லை. நிர்வாக அதிகாரி ஹெட்போனைப் பிடித்துத் தூக்கியபோது தலையும் கூடவே வந்தது.

பயணத்துக்கு ஏற்றதா என்ற சோதனை பாக்கி இருந்தது. குழுவே ரயிலில் போய்ப் பார்ப்பது என்று முதலில் பேச்சு. ஆனால் ரயிலில் அதிகாரிகளின் அந்தஸ்துக்கு ஏற்ற வகுப்பு இல்லை. ஆகவே ரயில் ஏழாம் மாடிக்கு வரவழைக்கப்பட்டது. நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டார்கள். இரண்டு அலுவலக உதவியாளர்கள் பின்னாலிருந்து நாற்காலிகளை ஆட்டினார்கள். ஒருவர் மூலையில் நின்று ஸ்டேஷன் பெயர்களைச் சொன்னார். பழைய மேசை விசிறி ஒன்று இரைச்சல் கொடுத்தது. நடுவில் துணைத்தலைவருக்கு முக்கியமான போன் வந்ததால் அவர் மூன்றாவது ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொண்டார். மற்றவர்கள் கடைசிவரை போனார்கள்.

மூன்றாவது ஹெட்போன் டைப்பிஸ்டின் தலையில் அரைமணி நேரம் இருந்தது. பத்தாவது நிமிடம் காது சுட்டது. பதினைந்தாவது நிமிடம் தாடை வலித்தது. காதுக்குள் ஓடிய குறை, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது.

துணைத்தலைவர் போன் பேசி முடித்து வந்து எதிரில் உட்கார்ந்தார். பக்கத்தில் சுருக்கெழுத்தர் நோட்டோடு தயாராக இருந்தார்.

"சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு. எப்படி இருக்கு?"

"கொஞ்சம் அழுத்தமா இருக்குங்க."

"உறுதியாக உள்ளது," என்றார் துணைத்தலைவர் சுருக்கெழுத்தரிடம்.

"காது ரெண்டும் சூடாயிடுச்சுங்க."

"கதகதப்பாக உள்ளது. மழைக்காலத்துக்கு ஏற்றது."

"வெளிச் சத்தம் எதுவும் கேக்கலைங்க. ஆனா... உள்ளயும் சரியாக் கேக்கல."

"இரைச்சல் முழுமையாகத் தடுக்கப்படுகிறது." துணைத்தலைவர் முன்னால் குனிந்து அவன் முழங்கையைத் தொட்டார். "இந்த வாரியத்துல உங்களை மாதிரி அனுபவப்பட்ட ஆளுங்களைக் கேட்டு ஒரு முடிவு எடுக்கிறது இதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையா இருக்கு. உங்களுக்கு?"

"எனக்கும்தாங்க," என்றான் டைப்பிஸ்ட்.

தாள் வந்தது. அவன் சொன்னதாக மூன்று வரி இருந்தது. கையெழுத்துப் போட்டான். யாரும் மிரட்டவில்லை. பதவி உயர்வு தருகிறேன் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் பின்னால் நினைத்துப் பார்க்கச் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு நாற்காலி, ஒரு கோப்பைத் தேநீர், ஒரு 'வாங்க'. அவ்வளவுக்குத்தான் போட்டான். போடும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. மாடிப்படி இறங்கும்போதுதான் அக்காவிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

"எப்படிப்பா? நல்லதா எடுத்தீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"நல்லா இருக்குக்கா," என்றான் திரையைப் பார்த்தபடி.

அடுத்த மாதம் நாலாயிரம் ஹெட்போன்களும் வந்து இறங்கின. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுத்தாள். அதில் டைப்பிஸ்டின் படம். கீழே, 'உங்களில் ஒருவர் சொல்கிறார்: உறுதியாக உள்ளது, கதகதப்பாக உள்ளது' என்று போட்டிருந்தது. வாங்கிக்கொண்ட அன்று மூன்றாம் மாடியில் எல்லோரும் வந்து அவன் கையைக் குலுக்கினார்கள்.

மறுநாளிலிருந்து காலை ரயிலைப் பார்க்க வேண்டுமே. பெட்டி பெட்டியாகக் கறுப்பு மூடி போட்ட தலைகள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. கேட்பு மேற்பார்வையாளர்கள் நடுவில் நடந்து, தலைகளை எண்ணிக்கொண்டே போனார்கள். ஒரு வாரத்தில் வாரிய ஊழியர்களைத் தெருவில் கண்டாலே காதை வைத்து அடையாளம் சொல்லும்படி ஆயிற்று. மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருக்கும். வாரிய மருத்துவர், காதுவலிச் சீட்டுகளில் 'குளிர்க்காற்று' என்று எழுதப் பணிக்கப்பட்டார். முதல் நாற்பத்தைந்து நாள் 'காது பழகு காலம்' என்றும், அதற்குள் பழகாத காதுகள் குறித்துச் சம்பந்தப்பட்ட ஊழியரிடம் விளக்கம் கேட்கப்படும் என்றும் சுற்றறிக்கை வந்தது.

டைப்பிஸ்ட் என்ன செய்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் இரண்டாவது ஸ்டேஷன் வரைதான் அவன் அதை மாட்டியிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போனான். ஐந்து ஹெட்போன்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, ஒவ்வொன்றையும் கால்மணி நேரம் மாட்டி, தலையை ஆட்டி, குனிந்து நிமிர்ந்து, கொட்டாவி விட்டு, வாசலில் லாரி போகும்போது கேட்கிறதா என்று பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். குழுவில் செய்திருக்க வேண்டிய வேலை முழுவதையும் தனக்காக ஒரே பொழுதில் செய்து முடித்தான். வாரியத்தின் ஹெட்போனிலிருந்து முத்திரை ஸ்டிக்கரைப் பக்குவமாக உரித்து அதில் ஒட்டிக்கொண்டான். மேற்பார்வையாளர்கள் முத்திரையைத்தான் பார்ப்பார்கள்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ரயிலில் அக்காவுக்கு இரண்டு பெட்டி தள்ளி ஏறப் பழகிக்கொண்டான்.

இருபது நாள் கழித்து அக்காவே அவன் மேசைக்கு வந்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். இரண்டு காதுக்குப் பின்னாலும், கண்ணாடிக் கால் படுகிற இடத்தில் தோல் பிய்ந்து புண்ணாகி இருந்தது. பஞ்சு வைத்திருந்தாள்.

"உனக்கு வலிக்கலையாப்பா?"

அவன் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடினான்.

"நீ மாட்டிப் பாத்துத்தானே சொல்லியிருப்பே. அப்ப என் காதுலதான் ஏதோ கோளாறு. வயசாச்சு இல்ல? வெளியில சொல்லிடாதப்பா. சரியாக் கேக்கலேன்னு தெரிஞ்சா இங்கிருந்து தூக்கிடுவாங்க."

"சரிக்கா," என்றான். அந்த 'சரிக்கா'வை நினைத்து நினைத்துப் பிறகு எத்தனையோ நாள் பல்லைக் கடித்துக்கொண்டான்.

அந்த வாரம்தான் அக்கா அந்தக் குறையைக் கேட்டது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர் பேசியிருந்தார். 'கடை வாசல்ல சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு' என்று சொல்லியிருந்தார். வாரிய ஹெட்போனில் 'உடைஞ்சு' விழவில்லை. 'சாக்கடை மூடிக் கிடக்கு' என்றுதான் அக்காவுக்குக் கேட்டது. மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டாள். அப்படித்தான் டைப் செய்தாள். பிரிவு அதிகாரி படித்துப் பார்த்து, 'சாக்கடை மூடியே இருப்பதால் குறை ஏதுமில்லை. முடிக்கப்பட்டது' என்று எழுதி மூடினார்.

பதினோரு நாள் கழித்து மழை பெய்தது. தெருவில் தண்ணீர் நின்றது. பஞ்சர் கடைக்காரரே அந்தச் சாக்கடைக் குழியில் விழுந்தார்; வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பத்திரிகையில் நாலு வரி வந்தது. அக்காவுக்கு மெமோ வந்தது.

விசாரணையும் ஏழாம் மாடியிலேயே நடந்தது. துணைத்தலைவர் நடுவில், சட்ட ஆலோசகர் பக்கத்தில். அக்காவுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். டைப்பிஸ்ட் சாட்சி, சுவரோரம் நின்றான்.

"ஏன் தப்பாக் கேட்டீங்க?" என்றார் துணைத்தலைவர்.

"சரியா விழலைங்க."

"அப்ப ஹெட்போன் சரியில்லைங்கறீங்களா?"

அக்கா பதறிப்போனாள். "ஐயோ, இல்லைங்க. ஹெட்போன் நல்லதுதான். தம்பிதான் மாட்டிப் பாத்துச் சொன்னாரே. அவர் பொய் சொல்ல மாட்டார். என் காதுதாங்க சரியில்ல."

தன் வாயிலிருந்து சத்தம் வருவது டைப்பிஸ்டுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"பொய்தாங்க சொன்னேன். வலிக்குது. ஒண்ணும் கேக்கல. அன்னைக்கே தெரியும்."

அறையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சட்ட ஆலோசகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நீங்க இங்க சாட்சி," என்றார் நிதானமாக. "ஹெட்போன் உறுதியா இருக்குன்னு சொன்னது பயனர் உறுப்பினர். சாட்சி சொல்றதை வெச்சுப் பயனர் உறுப்பினரைப் பொய்யர்னு முடிவு பண்ண முடியாது. அவர் தரப்பைக் கேக்கணும்."

"அவரும் நான்தாங்க."

"அவர் கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க வாயால சொல்றீங்க."

துணைத்தலைவர் எழுந்து வந்தார். கோபம் இல்லை, வருத்தமாகத்தான் இருந்தார். டைப்பிஸ்டின் தோளில் கை போட்டு, அவனை விளக்குக்கு நேராகத் திருப்பி, காது மடலை இரண்டு விரலால் மடக்கிக் காட்டினார்.

"வலிக்குதுன்னு சொல்றார். பாருங்க. ரெண்டு மாசமா தினம் ரெண்டரை மணி நேரம் நம்ம ஹெட்போனைப் போட்டிருக்கார். ஒரு சிவப்பு உண்டா? ஒரு கீறல் உண்டா? இதைவிட என்ன சாட்சி வேணும்? சக ஊழியர் மேல இரக்கப்பட்டு ஒரு நல்ல பொருளைக் குறை சொல்றார். இரக்கம் தப்பில்ல. ஆனா இது குறை கேக்குற இடம். இங்க இரக்கத்துக்கு இடமில்ல."

அக்கா ஸ்டூலில் இருந்தபடியே அவன் காதைப் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தாள். அவள் முகத்தில் அந்தக் கணக்கு முடிவதை அவன் நேராகப் பார்த்தான்.

பையைத் திறந்து தன்னுடைய ஹெட்போனை எடுத்து மேசைமேல் வைத்தான். "நான் போட்டுக்கிட்டது இதைத்தாங்க. கடையில வாங்கினது. ஸ்டிக்கர் மட்டும்தான் நம்மோடது."

அக்கா கையை நீட்டி அந்தக் குஷனை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடம் மெல்ல மேலே வந்தது.

"மெத்துன்னு இருக்கு," என்றாள். விரலை எடுத்துக்கொண்டாள்.

திட்டியிருக்கலாம். அவன் அதற்குத்தான் காத்திருந்தான். அவள் மெமோத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. அக்கா கேட்கும் தகுதியை இழந்துவிட்டபடியால், மீதியிருக்கிற காலத்துக்குத் தரைத்தளத்துப் பதிவறைக்கு மாற்றப்பட்டாள். வாரிய முத்திரையைத் தனியார் பொருளில் ஒட்டியதற்காக டைப்பிஸ்டுக்குக் கண்டிப்பு. அதே உத்தரவின் கடைசிப் பத்தியில், புதிய ஹெட்போன் குறித்து ஆராய இரண்டாம் குழு அமைக்கப்படும் என்றும், கடையில் நேரில் சோதித்து வாங்கிய அனுபவம் உள்ளவர் என்ற முறையில் அவனே அதிலும் பயனர் உறுப்பினராக இருப்பான் என்றும் கண்டிருந்தது. 'என்னால் முடியாது' என்று எழுதிக் கொடுத்தான். உரிய படிவத்தில் இல்லை என்று திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் பதிவறைக்கு இறங்கிப் போனான். அக்கா ஃபைல் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் ஞாயித்துக்கிழமை அந்தப் பஞ்சர் கடைக்குப் போறேன். வர்றதுன்னா வா."

போனார்கள். பஞ்சர் கடைக்காரர் கடைக்குள்ளேயே, வலது காலை மாவுக்கட்டோடு ஒரு மரப்பெட்டிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை. இனி ஆறு மாதம் குந்த முடியாது.

"யாரு?"

"குறைகேட்பு வாரியத்துல இருந்து வர்றோம்," என்றாள் அக்கா.

"கேட்டாச்சுங்களா?" என்றார் அவர். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டாவது தடவை போன் பண்ணேன். அதைக் கேட்டீங்களா?"

"இல்லைங்க. அது இன்னும் வரிசையில நிக்கும். நீங்க இப்பச் சொல்லுங்க."

அவர் சொன்னார். குழி இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்று காலையில் ஒரு அம்மா ஸ்டேஷனுக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், நேராகக் குழியைப் பார்த்து.

"உங்க ஆபீஸ் அம்மாதான் போல. காதுல கறுப்பா, பெருசா மாட்டியிருந்தாங்க. இங்கிருந்து கத்தினேன். கேக்கல. ஓடிப்போய்ப் புடிக்கலாம்னு எறங்கினேன். அவங்க எப்படியோ ஒரு அடி தள்ளி வெச்சுப் போயிட்டாங்க. நான்தான் உள்ள போயிட்டேன். விழுந்து கத்தினதும் அவங்களுக்குக் கேக்கல. திரும்பிப் பாக்காமப் போயிட்டாங்க. பாவம், அவங்க மேல தப்பில்ல."

டைப்பிஸ்ட் ஓரடி முன்னால் வந்தான். "அந்த ஹெட்போன் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான்தாங்க."

பஞ்சர் கடைக்காரர் அவனை ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"நல்லாத்தானே இருந்திருக்கு? வெளிச் சத்தமே கேக்கலையே அவங்களுக்கு."

அதற்குமேல் எப்படி விளக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்கா உதவிக்கு வரவில்லை. பிறகு அவள் எழுந்தாள்.

"பாத்துப் போங்க," என்றார் பஞ்சர் கடைக்காரர். "அந்த மூடி இன்னும் அப்படியேதான் கிடக்கு."

வாசலில் டைப்பிஸ்ட் நின்றான். மூலையில் அடுக்கியிருந்த பழைய லாரி டயர்களைக் காட்டி, "ரெண்டு எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டான். எடுத்துக்கங்க என்று கை காட்டினார். முதல் டயரை உருட்டிக்கொண்டு போய்க் குழியைச் சுற்றிப் போட்டான். வேலை பழக்கமில்லை; சட்டையெல்லாம் கரி. இரண்டாவதை அக்காவும் ஒரு பக்கம் பிடித்தாள். இருவரும் அதை முதல் டயரின்மேல் ஏற்றும்போது எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டு மாசமாச் சொல்லிட்டு இருக்கோம். நீங்க வாரியத்துல இருந்தா வந்திருக்கீங்க?"

"இல்லைங்க," என்று டைப்பிஸ்டின் வாய் சொல்லிவிட்டது. தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

அக்கா டயரை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"ஆமாம்மா," என்றாள் மாடியைப் பார்த்து. "நாங்கதான் அது."